லினக்ஸில் டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் சொன்னபடி கேட்காவிட்டால்

ஆம்ப்ளிஃபயரின் கெயின், பவர் சப்ளையின் வெளியீடு, எல்சிடியின் கான்ட்ராஸ்ட் போன்றவற்றை ஸ்க்ரூடிரைவரால் திருகாமல் மென்பொருளிலிருந்தே மாற்ற வேண்டுமானால் டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் வைப்பதுதான் வழக்கம். டிஜிபாட் என்று சுருக்கிச் சொல்வார்கள். சிப்புக்குள் ஒரே அளவுள்ள ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கும். வைப்பர் என்னும் நகரும் முனை அந்த வரிசையில் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதை, சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ2சி அல்லது எஸ்பிஐ இணைப்பு வழியாக ஓர் எண்ணாக அனுப்புகிறோம். லினக்ஸ் கெர்னலில் இந்தச் சிப்புகள் பலவற்றுக்கு டிரைவர் தயாராக இருக்கிறது. டிரைவர் ஏறிவிட்டால் ஒரு கோப்பில் 128 என்று எழுதினாலே போதும், வைப்பர் நடுவில் போய் நிற்கும்.

நிற்க வேண்டும். நிற்காதபோது எங்கே தேடுவது என்பதுதான் கீழே இருப்பது. உதாரணத்துக்கு ராஸ்பெர்ரி பையில் மாட்டிய மைக்ரோசிப்பின் எம்சிபி4661-ஐ எடுத்துக்கொள்கிறேன். உள்ளே 10 கிலோ ஓம் பாட் இரண்டு, இணைப்பு ஐ2சி, முகவரிக் கால்கள் மூன்றும் தரையில். மற்ற சிப்புகள் வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

## மீட்டரை முதலில் மாட்டுங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பாட்டின் ஒரு கோடியான ஏ முனையை 3.3 வோல்ட்டிலும் மறு கோடியான பி முனையைத் தரையிலும் கொடுங்கள். வைப்பர் முனையில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். டிரைவரின் 'அவுட்_ரெசிஸ்டன்ஸ்0_ரா' கோப்பில் 128 எழுதினால் சுமார் 1.65 வோல்ட், 64 எழுதினால் சுமார் 0.82, 256 எழுதினால் முழு 3.3 வர வேண்டும்.

ஓம் வரம்பில் வைத்து அளக்காதீர்கள். எம்சிபி4661-இன் மொத்த ரெசிஸ்டன்ஸ், அட்டையில் போட்ட மதிப்பிலிருந்து 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. 10 கிலோ ஓம் என்று வாங்கியது 8.6 காட்டினால் அது பழுதும் இல்லை, போலிச் சிப்பும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒரே சிலிக்கானில் ஒன்றாக உருவானவை. கூடினால் சேர்ந்தே கூடும், குறைந்தால் சேர்ந்தே குறையும். அதனால் விகிதம் கெடாது, வோல்ட்டேஜ் சரியாகவே வரும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. டிரைவர் கோப்பில் தெரியும் எண் ஓர் அளவீடு அல்ல. சில டிரைவர்களில் அது சிப்பின் ரெஜிஸ்டரில் உள்ள எண். வேறு சிலவற்றில் நீங்கள் கடைசியாக எழுதியதை டிரைவர் தன் நினைவிலிருந்து திருப்பிச் சொல்வது. வைப்பர் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதற்கு மீட்டர் மட்டும்தான் சாட்சி.

## ஸ்கேன் செய்தால் முகவரியே தெரியவில்லை

ஐ2சிடிடெக்ட் கட்டளையை 1-ஆம் பஸ்ஸில் ஓட்டினால் அட்டவணையில் 28 என்று தெரிய வேண்டும். பஸ் கோப்பே இல்லை என்று கட்டளை புலம்பினால், ராஸ்பி-கான்ஃபிக்கில் ஐ2சி இன்னும் இயக்கப்படவில்லை என்று அர்த்தம். இயக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

அட்டவணை முழுக்க வெறும் கோடுகளாக இருந்தால் எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (கடிகாரம்) வயர்கள் இரண்டும் மாறிப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் சிப்புக்கு மின்சாரம் போகும் விடிடி காலில் மீட்டர் வைத்து மின்சாரம் அங்கே வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ரெட்போர்டின் நீளமான பவர் வரிசை சில போர்டுகளில் நடுவில் துண்டாகியிருக்கும். பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

வேறு ஏதோ முகவரியில் தெரிகிறதென்றால் முகவரிக் கால்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. எந்த முகவரிக் காலையும் அந்தரத்தில் விடாதீர்கள். எம்சிபி4661-க்கு மூன்று கால்கள் இருப்பதால் 0எக்ஸ்28 முதல் 0எக்ஸ்2எஃப் வரை எட்டு முகவரிகள் சாத்தியம். எம்சிபி4531 போன்ற ஒற்றைப் பாட் சிப்பில் ஒரே ஒரு முகவரிக் கால்தான், ஆகவே 0எக்ஸ்2இ அல்லது 0எக்ஸ்2எஃப். எம்சிபி4018-க்கு அதுவும் கிடையாது, எப்போதும் 0எக்ஸ்2எஃப். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎல்0102 வந்து உட்காருவது 0எக்ஸ்50 முதல் 0எக்ஸ்57 வரையான இடத்தில். அது ஈஈப்ராம் எனும் நிரந்தர நினைவகச் சிப்புகள் குடியிருக்கும் தெரு. போர்டில் ஏற்கெனவே ஓர் ஈஈப்ராம் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

முகவரி ஒரு தடவை தெரிகிறது, அடுத்த தடவை மறைகிறது என்றால் சிப்புக்கு 5 வோல்ட் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்தக் குடும்பத்துச் சிப்புகள் விடிடியின் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் உயர்நிலை என்று ஒத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் அது 3.5. ராஸ்பெர்ரி பை தருவதோ 3.3. சிப் தயவில் சில நேரம் வேலை செய்யும், வெயில் ஏறினால் செய்யாது. மாட்யூலாக வாங்கியிருந்தால் அதன் புல்-அப் ரெசிஸ்டர்கள் (ஐ2சி வயர்களை உயர்நிலைக்கு இழுத்து வைப்பவை) 5 வோல்ட்டுக்குப் போகின்றனவா என்றும் பாருங்கள். போனால் அது பையின் கால்களுக்கே ஆபத்து. சிப்பை 3.3-இல் ஓட்டுவதே எளிது. பையில் எஸ்டிஏ, எஸ்சிஎல் கால்கள் இரண்டுக்கும் 1.8 கிலோ ஓம் புல்-அப் போர்டிலேயே இருக்கிறது.

## முகவரி தெரிகிறது, ஐஐஓ டிவைஸ் வரவில்லை

டிஜிபாட் டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலின் ஐஐஓ (இண்டஸ்ட்ரியல் ஐ/ஓ) பிரிவில் இருக்கின்றன. டிரைவர் சிப்போடு ஒட்டிக்கொண்டால், டிவைஸ்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸின் ஐஐஓ அடைவில் 'ஐஐஓ:டிவைஸ்0' என்று ஒன்று முளைக்கும். முளைக்காவிட்டால் முதலில் மாட்யூல் இருக்கிறதா என்று மோட்இன்ஃபோவில் பாருங்கள். இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு: எம்சிபி4661 என்ற பெயரில் மாட்யூல் கிடையாது. எம்சிபி45 வரிசைக்கும் எம்சிபி46 வரிசைக்கும் சேர்த்து எம்சிபி4531 என்ற ஒரே டிரைவர்தான். அந்தப் பெயரில் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் கெர்னலில் அதைச் சேர்க்காமலே கட்டியிருக்கிறார்கள். கெர்னல் மெனுவில் இண்டஸ்ட்ரியல் ஐ/ஓ பிரிவுக்குள் டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர்கள் என்ற பகுதியில் இருக்கும், மாட்யூலாகக் கட்டிக்கொள்ளலாம்.

மாட்யூல் இருந்தும் டிவைஸ் வரவில்லை என்றால் பெரும்பாலும் பெயரில்தான் கோளாறு. சோதனைக்காக பஸ்ஸின் 'நியூ_டிவைஸ்' கோப்பில் சிப்பின் பெயரையும் முகவரியையும் எழுதுவோம் அல்லவா? அங்கே வெறும் 'எம்சிபி4661' என்று எழுதினால் கெர்னல் எந்த எதிர்ப்பும் காட்டாது. 0எக்ஸ்28-இல் டிவைஸ் உருவானது என்று கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் மங்களகரமான ஒரு வரிகூட வரும். ஆனால் டிரைவர் ஒட்டாது. டிரைவரின் பட்டியலில் இருப்பது ரெசிஸ்டன்ஸ் மதிப்பும் சேர்ந்த முழுப் பெயர்: 5 கிலோ ஓமுக்கு 502, 10-க்கு 103, 50-க்கு 503, 100-க்கு 104. எனவே நம் சிப்புக்கு 'எம்சிபி4661-103' என்று எழுத வேண்டும். தவறாக உருவானதை 'டெலிட்_டிவைஸ்' கோப்பில் 0எக்ஸ்28 என்று எழுதி நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குங்கள். டிவைஸ் ட்ரீ ஓவர்லே (என்ன சிப் மாட்டியிருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எழுதுபவர்களுக்கும் இதே விதிதான். காம்பேட்டிபிள் வரியில் மைக்ரோசிப் என்ற பெயருக்குப் பின் கமா, அதன் பின் இந்த முழுப் பெயர்.

எஸ்பிஐ சிப்பாக இருந்தால் இன்னொரு தடங்கல் இருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் எஸ்பிஐயை இயக்கினாலே எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் சிப்-செலக்ட் வயர்கள் 0, 1 இரண்டையும் ஸ்பைடெவ் என்ற பொது டிரைவர் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஓவர்லே அதை முடக்காவிட்டால் 'சிப்செலக்ட் 0 ஏற்கெனவே பயன்பாட்டில்' என்ற பொருளில் டிமெஸ்ஜியில் ஒரு வரி வந்து, டிரைவர் வாசலிலேயே நின்றுவிடும்.

## டிவைஸ் இருக்கிறது, படித்தால் 'ரிமோட் ஐ/ஓ எரர்'

அடைவு இருக்கிறது, உள்ளே 'அவுட்_ரெசிஸ்டன்ஸ்0_ரா' கோப்பும் இருக்கிறது, கேட் செய்தால் இந்தப் பிழை. கோப்பு இருப்பதால் சிப் இருக்கிறது என்று நம்பிவிடுவது இயல்பு. எம்சிபி4531 டிரைவர் அப்படியில்லை. ஏறும்போது அது சிப்போடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நீங்கள் சொன்ன பெயரையும் முகவரியையும் நம்பி டிவைஸைப் பதிவு செய்துவிடும். சிப்பைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு முயன்றாலும் அடைவு வரும். முதல் தடவை படிக்கும்போதுதான், பதில் சொல்ல ஆளில்லை என்று தெரியும்.

ஆகவே இந்தப் பிழை வந்தால் கெர்னலை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள்: முகவரி தப்பு, அல்லது வயர் கழன்றிருக்கிறது. அனலாக் டிவைசஸின் ஏடி5272 டிரைவர் நேர் எதிர். ஏறும்போதே சிப்புக்கு எழுதிப் பார்க்கும். பதில் வராவிட்டால் டிவைஸே உருவாகாது. அதில் அடைவு வந்துவிட்டால் வயரிங் சரி என்று ஓரளவு நம்பலாம்.

## 'பெர்மிஷன் டினைட்'

சூடோ போட்டும் இது வருகிறதா? சூடோவுக்குப் பின் எக்கோ, அதன் பின் '>' குறி, கோப்புப் பெயர் என்று அடித்திருப்பீர்கள். சூடோ எக்கோவுக்குத்தான் அதிகாரம் கொடுத்தது. கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அதற்கு அதிகாரம் இல்லை. எக்கோவின் வெளியீட்டைப் பைப் வழியாக டீ கட்டளைக்கு அனுப்பி, அந்த டீக்கு முன்னால் சூடோ போடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் யூடெவ் விதி ஒன்று எழுதி அந்தக் கோப்பின் குழுவை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் நிரலையே ரூட்டாக ஓட்டுவது வேண்டாத வேலை.

## 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்'

எழுதும்போது வந்தால் எண் வரம்பைத் தாண்டியிருக்கிறது. 'அவுட்_ரெசிஸ்டன்ஸ்_ரா_அவெய்லபிள்' கோப்பைப் படியுங்கள். எம்சிபி4661-இல் 0, 1, 256 என்று மூன்று எண்கள் வரும்: தொடக்கம், படி, முடிவு. 8 பிட் சிப் என்றதும் 255-தான் உச்சம் என்று நினைப்போம். இந்தக் குடும்பத்தில் 257 நிலைகள், 256-தான் முழு அளவு. 255-இல் நிறுத்தினால் வைப்பர் ஏ முனைக்கு ஒரு படி கீழே நிற்கும். 7 பிட் சிப்புகளில் 129 நிலைகள், உச்சம் 128.

பழைய டிரைவர் ஒன்றில் இதே தவறு சத்தமே இல்லாமல் போய்விடும். அனலாக் டிவைசஸ் சிப்புகள் பலவற்றுக்கான ஏடி525எக்ஸ்_டிபாட் டிரைவர் ஐஐஓ பிரிவில் இல்லை, பலசரக்குக் கடை போன்ற 'மிஸ்க்' அடைவில் இருக்கிறது. அதன் கோப்புகளின் பெயரும் வேறு: ஆர்டாக்0, ஈஈப்ராம்0, டாலரன்ஸ்0. 256 நிலை சிப்பில் ஆர்டாக்0-க்கு 300 எழுதினால் பிழை சொல்லாமல் 255-ஆகக் குறைத்து எழுதிவிடும். உங்கள் நிரலின் கணக்கில் பிழை இருந்தால் அது அங்கே வெளியே வராது. எழுதியபின் படித்து ஒப்பிடும் பழக்கம் இந்த டிரைவருக்குக் கட்டாயம்.

படிக்கும்போதே 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' வந்தால் பயப்பட வேண்டாம். மேக்ஸிம் நிறுவனத்தின் மேக்ஸ்5487, மேக்ஸ்5432 டிரைவர்கள் வைப்பர் மதிப்பைப் படிக்க விடுவதில்லை. ஸ்கேலை (ஒரு படிக்கு எத்தனை ஓம் என்பதை) மட்டும்தான் படிக்கலாம். நிரல்தான் தன் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## கோப்பு ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று சொல்கிறது

நேரத்தைத் தின்பது இதுதான். பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும்.

பூட் ஆனதும் கோப்பைப் படித்தால் 0, மீட்டரில் பாதி வோல்ட்டேஜ் என்றால் உங்களிடம் இருப்பது எம்சிபி41010 அல்லது எம்சிபி42010 வகை எஸ்பிஐ சிப்பாக இருக்கும். இவற்றிலிருந்து வைப்பர் மதிப்பைத் திருப்பிப் படிக்க வழியே இல்லை. அதனால் டிரைவர், நீங்கள் எழுதிய எண்ணைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கேட்டால் அதையே சொல்கிறது. எதுவும் எழுதாதவரை அதனிடம் இருப்பது 0. சிப்போ மின்சாரம் வந்ததும் நடுப்புள்ளியான 128-இல் நிற்கும். இன்னும் மோசமானது ரீபூட். ரீபூட்டில் பெரும்பாலும் 3.3 வோல்ட் அறுபடுவதில்லை, ஆகவே சிப் போன முறை எழுதிய இடத்திலேயே நிற்கும். டிரைவர் மறுபடி 0 என்று ஆரம்பிக்கும். 'இப்போதைய மதிப்பைப் படி, அதோடு 5 கூட்டி எழுது' என்று நிரல் எழுதியிருந்தால் ஒலி திடீரென்று விழும். மருந்து ஒன்றுதான்: நிரல் தொடங்கியதும் தெரிந்த ஒரு மதிப்பை முதலில் எழுதிவிடுங்கள்.

கோப்பைப் படித்து ஸ்கேலால் பெருக்கினால் வரும் ஓம், உண்மையைப் போலப் பத்து மடங்கு அல்லது பத்தில் ஒரு பங்காக இருந்தால் டிவைஸ் பெயரின் வால் தப்பு. 10 கிலோ ஓம் சிப்புக்கு ஸ்கேல் 10000-ஐ 256-ஆல் வகுத்த 39.0625 என்று காட்ட வேண்டும். 390.625 என்று காட்டினால் 103-க்குப் பதில் 104 எழுதியிருக்கிறீர்கள். டிரைவர் சிப்பைக் கேட்டு இதைத் தெரிந்துகொள்வதில்லை, நீங்கள் சொன்ன பெயரிலிருந்து கணக்குப் போடுகிறது. வைப்பர் நகர்வதில் எந்த மாற்றமும் இருக்காது, ஓம் கணக்கு மட்டும்தான் பொய்யாகும்.

எண்ணைக் கூட்டினால் வோல்ட்டேஜ் குறைகிறதென்றால் ஏ, பி முனைகள் மாறியிருக்கின்றன. மைக்ரோசிப் பாட்டில் 0 என்றால் வைப்பர் பி முனையில். எவ்வளவு எழுதினாலும் மீட்டர் அசையவே இல்லையென்றால் அடுத்த பாட்டை அளந்துகொண்டிருக்கலாம். இரட்டைச் சிப்பில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும், 'ரெசிஸ்டன்ஸ்0' பி0 (P0, பி முனை அல்ல) என்று பெயரிட்ட கால்களுக்கு, 'ரெசிஸ்டன்ஸ்1' பி1 (P1) கால்களுக்கு.

அதுவும் சரியாக இருந்து, கோப்பில் எண் ஒழுங்காக மாறி, வைப்பர் முனை மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல் ஏதேதோ காட்டினால் டீகான் ரெஜிஸ்டரைச் சந்தேகியுங்கள். எம்சிபி4661-இல் 4-ஆம் ரெஜிஸ்டர் அது. ஏ, பி, வைப்பர் முனைகளை உள்ளேயே துண்டிக்கும் சுவிட்சுகள் அதன் பிட்களில் இருக்கின்றன. மின்சாரம் வரும்போது எல்லாம் இணைந்தே இருக்கும். டிரைவர் அதைத் தொடுவதில்லை. யாரோ, சிப்புக்கு நேரடியாக எழுதும் ஐ2சிசெட் கட்டளையை வைத்துக் கைவரிசை காட்டியிருந்தால்தான் மாறும். சிப்பின் மின்சாரத்தை ஒரு முறை எடுத்துவிட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும்.

## 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி'

கைவரிசை என்றதும் இது. ஐ2சிடிடெக்ட் அட்டவணையில் 28-க்குப் பதில் யூ என்ற எழுத்து இரண்டு தடவை தெரிந்தால், அந்த முகவரி கெர்னல் டிரைவரின் கையில் இருக்கிறது என்று பொருள். அப்போது ஐ2சிசெட் மறுக்கும். அதை வற்புறுத்தும் ஒரு தேர்வு உண்டு, ஆனால் பழகிக்கொள்ளாதீர்கள். டிரைவருக்குத் தெரியாமல் சிப்பின் நிலை மாறும். கூடவே இந்தச் சிப்பில் முதல் பைட் நாம் நினைக்கும் ரெஜிஸ்டர் எண் அல்ல.

எம்சிபி4661-இன் முதல் பைட்டில் மேல் நான்கு பிட்கள் ரெஜிஸ்டர் முகவரி, அடுத்த இரண்டு கட்டளை, கடைசி இரண்டு தரவின் மேல் பிட்கள். இரண்டாவது வைப்பர் ரெஜிஸ்டர் 1 என்று டேட்டாஷீட்டில் படித்துவிட்டு முதல் பைட்டாக 0எக்ஸ்01-உம், பின்னால் 0எக்ஸ்40-உம் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். சிப் அதை எப்படிப் படிக்கிறது? முகவரி 0, கட்டளை எழுது, தரவின் 8-ஆம் பிட் 1. அதாவது முதல் வைப்பருக்கு 256-க்கும் மேலான ஓர் எண். இரண்டாவது வைப்பர் அசையாது, முதல் வைப்பர் உச்சத்துக்குத் தாவும். அந்த இடத்தில் ஸ்பீக்கர் இருந்தால் வீடே திரும்பிப் பார்க்கும். சரியான பைட் 0எக்ஸ்10. அதேபோல் 4-ஆம் ரெஜிஸ்டரைத் தொட நினைத்து 0எக்ஸ்04 அனுப்பினால், அது முதல் வைப்பரை ஒரு படி ஏற்றும் கட்டளை.

நேரடியாகப் பேசத்தான் வேண்டுமென்றால் முதலில் டிரைவரை விலக்குங்கள். எம்சிபி4531 டிரைவர் அடைவில் உள்ள 'அன்பைண்ட்' கோப்பில் '1-0028' என்று எழுதினால் விலகிவிடும். அப்புறம் ஐ2சிகெட்டில் 0எக்ஸ்0சி என்ற பைட்டுக்கு வேர்ட் முறையில் படித்தால் முதல் வைப்பரின் மதிப்பு வரும், ஆனால் இரண்டு பைட்டும் இடம் மாறி வரும்: 0080 என்பது 8000 என்று தெரியும்.

ஏடி5272-ஐ இப்படி நேரடியாக இயக்கப் பார்த்து, எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகிறது என்றால், அந்தச் சிப்பின் வைப்பர் ரெஜிஸ்டர் மின்சாரம் வந்ததும் எழுத்துப் பூட்டோடுதான் இருக்கும். கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் பூட்டைத் திறந்தால்தான் ஏற்கும். டிரைவர் ஏறும்போதே அதைச் செய்துவிடுகிறது.

## எழுத முடிகிறது, படித்தால் 'இன்புட்/அவுட்புட் எரர்'

எம்சிபி4131 போன்ற 8 கால் எஸ்பிஐ சிப்புகளில் மட்டும் இது வரும். காலுக்குப் பஞ்சம், அதனால் தரவு உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே காலில். பையிலிருந்து தரவு போகும் மோசி வயரை மட்டும் அதில் சொருகியிருந்தால் எழுதுவது போய்ச் சேரும், பதில் திரும்பி வராது. சிப் அனுப்பும் பதிலில் 'கட்டளை சரி' என்று ஒரு பிட் உயர்ந்திருக்கிறதா என்று டிரைவர் பார்க்கும். இல்லாவிட்டால் இந்தப் பிழையைத் தரும். பைக்குத் தரவு வரும் மிசோ வயரை அந்தக் காலில் நேராகவும், மோசியைச் சில கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகவும் இணையுங்கள். படிக்கும்போது எஸ்பிஐ கடிகாரத்தையும் நன்றாகக் குறையுங்கள். படிக்கும் தேவையே இல்லையென்றால் இந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எழுதுவது கெடாது. 14 கால் இரட்டைச் சிப்பில் இரண்டுக்கும் தனித்தனிக் கால்கள் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

## மின்சாரம் போனால் பழைய மதிப்புக்கே திரும்புகிறது

எம்சிபி4661 நிரந்தர நினைவகம் உள்ள சிப். ஆனால் ஐஐஓ டிரைவர் தற்காலிக வைப்பர் ரெஜிஸ்டரை மட்டுமே எழுதுகிறது, நிரந்தர ரெஜிஸ்டரைத் திறந்துவிடும் கோப்பு எதுவும் அதில் இல்லை. நேர்மையான வழி, பூட் ஆனதும் மதிப்பை எழுதும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸ். லினக்ஸ் எழுந்து வரும் வரைக்கும் சிப் சரியான இடத்தில் நின்றாக வேண்டும் என்கிற சர்க்யூட்டாக இருந்தால்தான் நிரந்தர ரெஜிஸ்டர் தேவை. டிரைவரை விலக்கிவிட்டு 0எக்ஸ்20 என்ற பைட்டுக்கு மதிப்பை எழுதுங்கள்; இரண்டாவது பாட்டுக்கு 0எக்ஸ்30. அடுத்த முறை மின்சாரம் வரும்போது சிப் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எழுத்து ஏறவில்லையென்றால் டபிள்யூபி கால் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள், அது எழுத்துத் தடைக் கால்.

ஏடி525எக்ஸ்_டிபாட் டிரைவரில் இது சுலபம், ஈஈப்ராம்0 கோப்பில் எழுதினால் போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் டிரைவர் சில மில்லிநொடிகள் காத்திருக்கும், எனவே வேகமாக மாற்றும் வேலைக்கு ஆர்டாக்0-தான். ஈஈப்ராமுக்கு எழுதும் தடவைக்கும் வரம்பு உண்டு. வால்யூம் பட்டனின் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அதில் எழுதும் நிரலைக் கண்டால் உடனே மாற்றுங்கள். அந்த டிரைவரில் ஓடிபி என்ற கோப்பும் சில சிப்புகளுக்கு வரும். அது உள்ளே ஃப்யூஸை எரித்து எழுதுவது, ஒரே தடவைதான். தனியாக இன்னொரு கோப்பில் அனுமதி எழுதினால்தான் ஏற்கும்படி வைத்திருக்கிறார்கள், அந்த அனுமதியைச் சோதனைக்காகக்கூடத் தொடாதீர்கள்.

## நேற்று டிவைஸ்0, இன்று டிவைஸ்1

ஐஐஓ எண்கள் டிரைவர்கள் ஏறும் வரிசையில் கிடைப்பவை. சென்சார் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தாலே மாறிவிடும். நிரலில் எண்ணை எழுதாமல், ஐ2சி டிவைஸ் அடைவில் '1-0028'-க்குள் இருக்கும் ஐஐஓ அடைவைத் தேடிப் போங்கள், அல்லது ஒவ்வொரு டிவைஸின் 'நேம்' கோப்பையும் படித்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே வகைச் சிப் இரண்டு இருந்தால் பெயரும் ஒன்றாகவே இருக்கும், அப்போது முகவரி வழிதான் கைகொடுக்கும்.

## எண்ணும் வோல்ட்டேஜும் சரி, சத்தம்தான் சரியில்லை

டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது, மிச்சம் அனலாக் பக்கம். ஒலி ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வந்தால் சிக்னல் தரைக்குக் கீழே போகிறது. மெக்கானிக்கல் பாட்டுக்கு மைனஸ் வோல்ட் ஒரு பொருட்டில்லை. இந்தச் சிப்புகளின் முனைகள் தரைக்கும் விடிடிக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். கப்பாசிட்டர் வைத்து, பாதி விடிடியில் பயஸ் கொடுங்கள். மாற்றும்போது கர்கர் என்று வந்தால் ஒரே தாவலில் எழுதாமல் படிப்படியாக எழுதுங்கள். பாதி வரை ஒன்றுமே மாறாததுபோலவும் கடைசியில் மொத்தமாக மாறுவதுபோலவும் தோன்றினால், சிப் நேர்கோட்டில் போகிறது, காது அப்படிக் கேட்பதில்லை. டெசிபல் கணக்கில் ஓர் அட்டவணை போட்டு நிரலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்இடியின் வெளிச்சத்தை இதை வைத்து நேரடியாகக் கட்டுப்படுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. எம்சிபி4661-இன் முனைகள் தாங்குவது 2.5 மில்லிஆம்பியர். வைப்பரின் சொந்த ரெசிஸ்டன்ஸ் சுமார் 75 ஓம். கோப்பில் 0 எழுதியபடி வைப்பர், பி முனைகளுக்கு இடையே நேராக 3.3 வோல்ட் கொடுத்தால் 44 மில்லிஆம்பியர் ஓடும். அப்புறம் ஐ2சிடிடெக்ட் அட்டவணையில் கோடுகள்தான்.

## எக்ஸ்9சி103 மாட்யூல், டிரைவரே கிடைக்கவில்லை

மலிவாகக் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் பெரும்பாலும் இந்தச் சிப்தான். இது ஐ2சியும் அல்ல, எஸ்பிஐயும் அல்ல. ஏறு-இறங்கு கால் ஒன்று, படி நகர்த்தும் கால் ஒன்று, சிப்-செலக்ட் ஒன்று. நான் பயன்படுத்திய கெர்னல்களின் ஐஐஓ பொட்டென்ஷியோமீட்டர் அடைவில் இதற்கு டிரைவர் இல்லை, தேடி அலைய வேண்டாம். ஜிபிஐஓ கால்கள் மூன்றை நிரலிலிருந்தே ஆட்டுங்கள். மொத்தம் 100 நிலைகள், எங்கே நிற்கிறது என்று சிப் சொல்லாது, ஆகவே தொடக்கத்தில் 99 படி கீழே இறக்கி 0-வில் நிறுத்திவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படிக் கால் உயர்ந்திருக்கும்போது சிப்-செலக்ட்டை உயர்த்தினால் மதிப்பு நிரந்தர நினைவகத்தில் ஏறும். சேமிக்க வேண்டாத மாற்றங்களுக்குப் படிக் காலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே சிப்-செலக்ட்டை உயர்த்துங்கள்.